எல்எஸ்யூ பேஸ்பால்: 2023 சீசனா, 2025 சீசனா?

அமெரிக்காவோட லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி (எல்எஸ்யூ) டீம் ரெண்டு வருஷமும் ஒமாஹால நடக்குற காலேஜ் வேர்ல்ட் சீரிஸ்ல கப் அடிச்சாங்க, கோச்சும் அதே ஜே ஜான்சன் தான், ஆனா என் ஓட்டு 2023க்கு தாங்க. வேக் ஃபாரஸ்ட் டீம் கூட ஆடின மேட்ச் ஞாபகம் இருக்கா, எல்எஸ்யூ பிட்சர் (பந்து வீசுறவர்) பால் ஸ்கீன்ஸ் 8 இன்னிங்ஸ் போட்டு ஒரு ரன் கூட விடல, அந்த எட்டாவது இன்னிங்ஸ்ல வேக் ஃபாரஸ்ட் பண்ட் (பேட்டால பந்தை மெதுவா தட்டி விடுறது) தட்டி ஒரு ரன் திருடப் பாக்குறாங்க, எல்எஸ்யூவோட ட்ரே மோர்கன் பாஞ்சு வந்து பந்தை அள்ளி ரன் முடியுற ஹோம் ப்ளேட்டுக்கு வீசினாரு பாருங்க, அவுட்! உடம்பே சிலிர்த்துடுச்சு. அப்புறம் 11வது இன்னிங்ஸ்ல எல்எஸ்யூவோட டாமி வைட் ஹோம் ரன், 2-0ன்னு ஜெயிச்சாச்சு. ரெண்டு மேட்ச் ஜெயிச்சா கப்னு இருக்குற ஃபைனல்ல ஃப்ளோரிடா கிட்ட 24-4ன்னு செம அடி வாங்கிட்டு அடுத்த மேட்ச்லயே 18-4ன்னு திருப்பிக் குடுத்தாங்க.

2025 டீம் அலட்டிக்காம ஆடுச்சு, ஃபைனல்ல கோஸ்டல் கரோலினாவ 1-0, 5-3ன்னு ரெண்டே மேட்ச்ல முடிச்சாச்சு. மொத மேட்ச் முழுசும் கேட் ஆண்டர்சன் ஒருத்தரே பந்து போட்டாரு, பிட்சிங் பிடிச்சவங்க கண்டிப்பா அந்த சீசனைத் தான் சொல்வீங்க.