துளையைப் பார்த்து வாங்குங்கள்: காட்பாடிப் பக்கத்துப் பீங்கான் மணிகள்

பீங்கான் மணி மாலையைக் கையில் எடுத்ததும் எல்லாரும் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது துளையை. காட்பாடிப் பக்கம் வீட்டோடு ஒரு சின்ன மின்சூளை வைத்து நகை செய்து விற்கும் பட்டறையிலிருந்து மூன்று உருப்படி வாங்கிப் பார்த்தோம்: குன்றிமணி ஆரம் 900 ரூபாய், முள்ளுக் கத்தரிக்காய்த் தொங்கட்டான் 350, யாளிப் பதக்கம் 400.

முதல் கேள்வி, இது நிஜமாகவே பீங்கான்தானா? டெரகோட்டாவுக்கு அக்ரிலிக் பெயின்ட் அடித்து, மேலே வார்னிஷ் பூசி, ‘செராமிக்’ என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. வேலூர் வெயிலில் கழுத்து வேர்வை பட்டால் அந்தப் பூச்சு தாங்காது. துளை ஓரத்தை ஊசி முனையால் சுரண்டிப் பாருங்கள். பெயின்ட் என்றால் செதிலாகப் பெயரும். இங்கே பெயரவில்லை.

ஆரத்தில் 40 மணி. ஒன்றுக்கு 2 கிராம் ஈரக் களிமண் எடுத்து உருட்டினால், காய்ந்து வெந்து சுருங்கி 11 மி.மீ. அளவில் நிற்கும். மொத்த எடை 60 கிராமுக்குப் பக்கம், கழுத்துக்குப் பாரமில்லை. குன்றிமணிச் சிவப்பைக் கிளேஸில், அதாவது சூளையில் உருகிக் கண்ணாடி மாதிரிப் படியும் பூச்சில், கொண்டுவருவது லேசான காரியமில்லை. பளிச்சென்ற சிவப்பு வேண்டுமானால் விலை கூடிய காட்மியம் நிறமி வேண்டும். இவர்கள் செங்காவிக் குழம்பு பூசி, தேய்த்து மெருகேற்றி, கறுப்புக் கண்ணுக்கு மட்டும் கிளேஸ் வைத்திருக்கிறார்கள். புத்திசாலித்தனம்தான். ஆனால் கிளேஸ் இல்லாத சிவப்பு எண்ணெய் குடிக்கும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கிறவர்கள் கவனிக்க.

இனி துளை. ஈர்க்குச்சியை ஒரே பக்கமாகக் குத்தித் தள்ளினால் மறுபக்கம் மண் பூ மாதிரி வெடித்து நிற்கும். பாதி வரை திருகிக் குத்தி, எதிர்ப்பக்கத்திலிருந்து மீதியைத் துளைக்க வேண்டும். மண் முக்கால் பதம் காய்ந்ததும் துளை வாயில் டிரில் பிட்டைக் கையாலேயே ஒரு சுற்று சுற்றிப் பிசிறை எடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் சூளையிலிருந்து வரும்போது அந்தப் பிசிறு ரம்பப் பல்லாகிவிடும். 40 மணியில் ஆறில் பிசிறு விரலை நெருடியது. போதாக்குறைக்குக் கோத்திருப்பது பருத்தி நூலில்! கியர் வயரில் (நைலான் உறை போட்ட மெல்லிய எஃகுக் கம்பி) மாற்றிக் கோத்து, இரண்டு முனையிலும் கியர் லாக் என்ற குட்டி உலோகக் குழலை நசுக்கி, மணிக்கு மணி நடுவில் சின்ன உலோக மணி ஒன்று போட்டால்தான் இந்த ஆரம் நிலைக்கும். பீங்கானும் பீங்கானும் மோதினால் கிளேஸ் சில்லு பெயரும்.

தொங்கட்டான் அருமை. வேலூர் முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் காம்பு முள் இங்கே காதில் தொங்குகிறது. கூரான முனையில் கிளேஸ் நிற்காமல் வழிந்து மெலிந்துவிடும். வேறு நகையில் அது குறை. இங்கே ஊதா நிறத்துக்கு மேல் முள் முனைகள் மட்டும் வெளிறித் தனியாகத் தெரிகின்றன. காம்பில் பதித்த நைக்ரோம் (சூளைச் சூட்டைத் தாங்கும் உலோகம்) கம்பி வளையத்தைத்தான் சோதிக்க வேண்டும். மண் சுருங்கும், கம்பி சுருங்காது. கம்பி தடிமனாக இருந்தால் அதைச் சுற்றி மயிரிழை விரிசல் விடும். எங்கள் ஜோடியில் ஒன்றில் விரிசல் இருந்தது, மாற்றிக் கொடுத்தார்கள். பருத்திச் சேலைக்குப் போடாதீர்கள், முள் நூலை இழுக்கும்.

யாளிப் பதக்கம் வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூணைப் பார்த்து அச்சு எடுத்தது. தடித்த கிளேஸ் போட்டிருந்தால் பல்லும் பிடரியும் மூழ்கிப் போயிருக்கும். இரும்பு ஆக்சைடைத் தண்ணீரில் கரைத்துத் தடவி, மேட்டில் மட்டும் ஈரப் பஞ்சால் துடைத்து எடுத்திருக்கிறார்கள். பள்ளத்தில் கருமை தங்கிக் கருங்கல் மாதிரியே இருக்கிறது. மூன்றில் யோசிக்காமல் வாங்கலாம் என்றால் இதைத்தான்.

கல்யாணத்துக்கு மொத்தமாகச் சொல்வதானால் இரண்டு வாரமாவது முன்னால் சொல்லுங்கள். உள்ளே ஈரம் இருக்கும் மணி சூளையில் நீராவி முட்டி வெடிக்கும், பக்கத்து மணிகளையும் கெடுக்கும். ஐப்பசி மழையில் நாலே நாளில் தருகிறேன் என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.