வயலை அளக்கும் செயலி: ஏக்கர் இருக்கிறது, மா எங்கே?

திருவையாறு பக்கம் குடமுருட்டிப் பாசனத்தில் எங்களுக்கு ஒரு வயல். அப்பா இருந்தவரை எல்லாம் அவர் கையில். இரண்டு வருடமாக நான்தான் பார்க்கிறேன். இந்தச் சம்பாவுக்குக் கைபேசியில் நிலம் அளக்கும் செயலி ஒன்றை இறக்கினேன். நடவிலிருந்து இன்று வரை பயன்படுத்திவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அளவில் குறை சொல்ல மாட்டேன். கைபேசியைப் பிடித்துக்கொண்டு வரப்பைச் சுற்றி வந்தால் பரப்பு வந்துவிடும். எங்கள் கிழக்கு வரப்பில் தென்னை வரிசை. அங்கே மட்டும் கோடு வாய்க்காலுக்குள் வளைந்து 1.72 ஏக்கர் என்றது. அப்புறம் செயற்கைக்கோள் படத்தில் நான்கு மூலையிலும் விரலால் புள்ளி வைத்தேன். 1.66. பட்டாவில் 0.67 ஹெக்டேர், சரியாக ஒத்துப்போகிறது. மரம் சூழ்ந்த வயல் என்றால் நடக்காமல் புள்ளி வைத்தே அளந்துகொள்ளுங்கள்.

சிக்கல் நடவு அன்று வந்தது. கூலி மா கணக்கு. மா எங்கள் பக்கத்து நில அளவு, ஏக்கரில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. ஆட்களைக் கூட்டி வந்த அக்கா ஆறு மா என்றார், நான் ஐந்து என்றேன். செயலியைக் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு, “ஏக்கர் கெடக்கட்டும் தங்கச்சி, எத்தனை மான்னு சொல்லு” என்றார். அலகுப் பட்டியலைத் திறந்தால் ஏக்கர், ஹெக்டேர், சென்ட், சதுர அடி, வடக்கே புழங்கும் பீகாகூட இருக்கிறது. மா இல்லை. குழி இல்லை, வேலியும் இல்லை. சேற்றுக் காலோடு நின்று 1.66-ஐ மூன்றால் பெருக்கினேன். 4.98. “அப்ப அஞ்சுதான்” என்று அக்கா நாற்று முடியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

எங்கள் பக்கம் உழவு, நடவு, குத்தகை எல்லாமே மாவில்தான். அறுப்பு முடிந்தால் முதல் கேள்வியே “மாவுக்கு எத்தனை மூட்டை கண்டுச்சு?” 12 அடிக் கோலுக்குக் குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. பழைய கணக்கில் மா என்றாலே இருபதில் ஒன்று. வேலியில் இருபதில் ஒன்றுக்கு அந்தப் பெயரே நின்றுவிட்டது. ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டிலும் நிலம் வேலி, மா என்றுதான் வெட்டப்பட்டிருக்கிறது.

குறிப்புப் பெட்டியில் ‘5 மா’ என்று அடித்தேன். அதைப் பயிர் என்று எடுத்துக்கொண்டு, என் நெல் வயல்மேல் பச்சை மாங்காய்ப் படத்தை ஒட்டிவிட்டது. எழுதிக் கேட்டதற்கு, மாந்தோப்புக்கு வசதி ஏற்கெனவே உண்டு என்று பதில் வந்தது. வருத்தமாக இருந்தது. மரமும் மா, மாக்கோலத்து அரிசி மாவும் மா. நிகண்டைப் புரட்டினால் குதிரை, திருமகள், பெரியது, கரியது என்று நீளும். பொங்கல் அன்று எங்கள் வீட்டு வாசலில் அம்மா மாக்கோலம் போட, நான் மாவிலை கட்ட, திண்ணையில் சித்தப்பா மாவுக்கு எத்தனை மூட்டை என்று பேசிக்கொண்டிருப்பார். யாருக்கும் குழம்பியதில்லை.

துல்லியத்துக்காக இந்தச் செயலியைத் தாராளமாக இறக்கலாம். ஒரு மா 14,400 சதுர அடி என்று மறுபடி எழுதி அனுப்பியிருக்கிறேன். குறுவைக்குள் அந்த அலகைச் சேர்த்தால், அக்காவின் கைபேசியிலும் நானே ஏற்றிக் கொடுப்பேன்.