முகப்பருவுக்கு உணவு ஆலோசனை: மூன்று மாத அனுபவம்

முப்பது வயதைக் கடந்த பிறகும் தாடையோரத்தில் விடாமல் வந்துகொண்டிருந்த பருக்களுக்காக, சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக்கு அருகில் உள்ள ஒரு தோல் மருந்தகத்தின் உணவு ஆலோசனைச் சேவையில் மூன்று மாதங்கள் சேர்ந்திருந்தேன். குறை ஒன்றையும் சொல்லவிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். முதல் சந்திப்புக்கு 90 வெள்ளி, அடுத்த இரண்டுக்கும் தலா 60 வெள்ளி.

'எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்துங்கள்' என்று எல்லாரும் சொல்வதை ஆலோசகர் சொல்லவில்லை. ஒரு வாரம் நான் சாப்பிட்டது, குடித்தது அனைத்தையும் கைப்பேசியில் படமெடுத்து வரச் சொன்னார். அந்தப் படங்களில் பரோட்டாவைக் கடந்துபோய், தேநீர்க் குவளைகளைத்தான் எண்ணினார்: நாளொன்றுக்கு நான்கு. உணவங்காடியில் தே கலக்குமுன் குவளையின் அடியில் ஒரு விரற்கடை கெட்டிப்பால் நிற்பதைத் தினமும் பார்த்திருக்கிறேன். அதைச் சர்க்கரையாக நான் நினைத்ததே இல்லை. இரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறும்போது இன்சுலினும் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியும் கூடி, ஆண்ட்ரோஜன் ஹார்மோன்களைத் தூண்டி, தோலின் எண்ணெய்ச் சுரப்பை அதிகரிக்கின்றன என்று அவர் பொறுமையாக விளக்கினார். சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவை 12 வாரங்கள் உண்டவர்களுக்குப் பருக்கள் குறைந்ததாக 2007இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வைக் காட்டியபோது, அதில் பங்கேற்றவர்கள் இளம் ஆண்கள் என்பதால் பெண்களுக்கு அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மைதான் எனக்கு நம்பிக்கை தந்தது.

அடுத்து அவர் கேட்டது மாதவிடாயைப் பற்றி. நாற்பத்தைந்து நாட்களுக்கு ஒருமுறைதான் வருகிறது என்றதும், உணவுப் பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டு, பலதுறை மருந்தகத்தில் பரிசோதனை செய்துகொள்ளும்படி அனுப்பினார். மாதவிடாயையும் ஹார்மோன் சமநிலையையும் குலைக்கும் பிசிஓஎஸ் என்ற சினைப்பைக் கோளாறு இருப்பது அங்கேதான் தெரிந்தது. என்னைப் பொறுத்தவரை நான் கொடுத்த பணம் முழுவதும் இந்த ஒரு கேள்விக்கே தகும். தாடையோரப் பருவுடன் மாதவிடாய்க் கோளாறும் உள்ள பெண்கள் உணவை மட்டும் மாற்றிக்கொண்டு காத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

நான்கு தே, இரண்டு தே ஓ சியூ டாய், அதாவது சர்க்கரை குறைத்த, பால் சேர்க்காத தேநீர் ஆனது. சோற்றைக் குறைத்துப் பருப்பையும் கீரையையும் கூட்டினேன். நள்ளிரவுக்கு முன் உறங்கப் பழகினேன். இரவில் தேங்காய் எண்ணெய் தேய்த்துப் படுப்பதை நிறுத்தியதும் நெற்றியில் இருந்த சிறு பொரிகள் ஐந்தாறு வாரங்களில் அடங்கின. தாடையோரப் பருக்கள் குறைந்துள்ளன, முற்றிலும் மறையவில்லை. மருத்துவர் தந்த களிம்பையும் பூசி வந்ததால், பலன் முழுவதையும் உணவின் கணக்கில் எழுத முடியாது.

குறை என்னவென்றால், ஆலோசகரின் அறைக்குள் 'வே புரதப்பொடி (பாலிலிருந்து எடுக்கும் புரதம்) சிலருக்குப் பருவை அதிகப்படுத்தலாம்' என்று கேட்டுவிட்டு வெளியே வந்தால், கட்டணம் செலுத்தும் இடத்தில் அதே பொடியை 'தோல் பொலிவுக்கு' என்று நீட்டுகிறார்கள். மூன்று சந்திப்புகளிலும் இது நடந்தது. மூன்றாம் முறை எதிர்ப்பைச் சொன்னேன், சிரித்து மழுப்பினார்கள். பருவால் மனமுடைந்து வரும் பெண்ணிடம் இப்படி விற்பது தவறு.

தமிழில் பேசும் ஆலோசகர் சனிக்கிழமை காலையில் மட்டும் இருப்பதால், இரண்டு வாரங்களுக்கு முன்பே நேரம் வாங்க வேண்டும்.