மூட்டுவலிக்கு 'நூறு சதவீத மூலிகைப் பொடி' வரவழைப்பவர்கள் கவனத்துக்கு

உங்கள் வீட்டில் யாராவது போனில் விளம்பரம் பார்த்து மூட்டுவலிக்கு மூலிகைப் பொடி வரவழைத்துச் சாப்பிடுகிறார்களா? அப்படியென்றால் முதலில் ஒன்று: இதைப் படித்த பதற்றத்தில் அந்தப் பொடியை இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். பாக்கெட்டோடு டாக்டரிடம் போங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

பாதிக்கப்பட்டவர் என் பெரியம்மா. உடுமலைப்பேட்டைப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறார். வயது 60 தாண்டிவிட்டது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். வலி அதிகமானால் நொச்சி இலை ஒத்தடம், எப்போதாவது ஒரு பாராசிட்டமால் என்று ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் போனில் ஒரு வீடியோ திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. காவி வேட்டியும் ருத்திராட்சமுமாக ஒருவர், பின்னால் மலை, கையில் ஏதோ வேர். பக்கவிளைவே இல்லையாம், ஆபரேஷனே வேண்டாமாம். கீழே ஒரு செல் நம்பர்.

கூப்பிட்டதும் ஒரு பெண் எடுத்து, "வைத்தியர் ஐயாவுக்கு லைன் தர்றேன்மா" என்றாராம். வைத்தியர் ஐயா வலி எத்தனை வருஷமாக என்று கேட்டார். அடுத்த கேள்வி, உங்கள் ஊருக்குக் கூரியர் வருமா, தபால்தானா? சர்க்கரை இருக்கிறதா, வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்கவே இல்லை. பெரியம்மா தானாகச் சொன்னதற்கு, "அதையும் இந்தப் பொடியே பாத்துக்கும்மா, இங்கிலீஷ் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுடுங்க" என்று பதில். மூன்று மாதக் கோர்ஸ், மாதம் 2,400 ரூபாய், பார்சல் வந்ததும் கையில் பணம். பில் கிடையாது.

பொடி வேலை செய்தது. சிக்கலே அங்கேதான். ஒரு வாரத்துக்குள் பெரியம்மா படியேறி மொட்டைமாடியில் வடகம் காயப்போட்டார். "கண்ணு, வலியே தெரியல, உனக்கும் ஒரு பாக்கெட் சொல்லட்டுமா" என்று எனக்குப் போன். பசி நன்றாக எடுத்தது. உடம்பில் புதுத் தெம்பு. அவர் சொல்லி அந்தத் தெருவிலேயே இன்னும் சிலர் வாங்கினார்கள். விளம்பரத்தை நம்பாதவர்கள்கூட, கண்ணெதிரே நடக்கிற பெரியம்மாவை நம்பினார்கள். இந்த வியாபாரம் பரவுவதே இப்படித்தான்.

இரண்டாவது மாதம் முகம் உப்ப ஆரம்பித்தது. கன்னம் இரண்டும் உருண்டு, பார்க்கிறவர்கள் "பூசினாப்ல இருக்கீங்க" என்றார்கள். பிடரியில் சதை போட்டது. லேசாக எங்காவது இடித்தாலும் கையில் கன்றிப்போய் நீலமாகத் தடிப்பு. அந்த நம்பருக்குப் போன் செய்து கேட்டதற்கு, "உடம்புல இருக்கிற கழிவெல்லாம் வெளிய வருதும்மா, மருந்து நல்லா பிடிச்சிருக்கு" என்றார்கள். எந்தக் கோளாறு வந்தாலும் அதைக் குணமாவதற்கு அடையாளம் என்று சொல்லிவிடலாம். எவ்வளவு வசதியான பதில் பாருங்கள்.

கோவைக்கு அழைத்து வந்து காட்டினோம். சர்க்கரை 340. ரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. டாக்டர் முகத்தைப் பார்த்ததுமே, "நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடறீங்களாம்மா?" என்றுதான் கேட்டார். பாக்கெட்டை நீட்டினோம். ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்று சந்தேகப்பட்டு, காலையில் ரத்தம் எடுத்து கார்ட்டிசால் என்ற ஹார்மோனின் அளவைப் பார்க்கச் சொன்னார். அளவு ரொம்பக் குறைவாக வந்தது.

அவர் விளக்கியது இது. சிறுநீரகத்துக்கு மேலே அட்ரீனல் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. உடம்புக்கு வேண்டிய கார்ட்டிசாலை அதுதான் சுரக்கிறது. டெக்சாமெத்தசோன், பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டை வெளியிலிருந்து தினமும் கொடுத்துக்கொண்டே இருந்தால், அந்தச் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. திடீரென்று வெளியிலிருந்து வருவதை நிறுத்தினால் சுரப்பியால் உடனே விழித்துக்கொள்ள முடியாது. வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் சரிவது, உயிருக்கே ஆபத்து. அதனால்தான் நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று மேலே சொன்னேன். பெரியம்மாவுக்கு அளவு தெரிந்த மாத்திரையாக எழுதிக்கொடுத்து, படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வைத்தார்.

வீக்கத்தையும் வலியையும் ஸ்டீராய்டு சட்டென்று அமுக்கும், பசியைத் தூண்டும். ஆனால் தேய்ந்த மூட்டு தேய்ந்தபடியேதான் இருக்கும். நாள்பட்டால் எலும்பும் வலுவிழக்கும். முழங்கால் வலிக்கு மருந்து தேடியவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்தக் கலப்படம் நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. ஆர்ட்ரி கிங் என்ற பெயரில் மூட்டுவலிக்கென்று விற்ற 'இயற்கை' மாத்திரைகளில், லேபிளில் சொல்லாத டெக்சாமெத்தசோனும் டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணியும் இருப்பதாக அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2022-ல் எச்சரித்தது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு "சித்த மருத்துவமே ஏமாற்று" என்று கிளம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பாக்கெட்டைப் பார்த்து என்னைவிட அதிகமாகக் கோபப்பட்டவர் அரசு ஆஸ்பத்திரியின் சித்தா பிரிவு டாக்டர்தான். "எங்க சூரணம் சாப்பிட்டு ரெண்டு நாள்ல வலி பறந்துபோச்சுன்னு யாராச்சும் சொன்னா நானே சந்தேகப்படுவேன்" என்றார். அமுக்கரா சூரணம், மேலே தடவ உளுந்து தைலம் என்று அவர்கள் கொடுப்பது மெதுவாகத்தான் கேட்கும். கொடுக்கும் முன் நாடி பார்க்கிறார், சர்க்கரை ரிப்போர்ட்டையும் வாங்கிப் பார்க்கிறார். அரசு ஆஸ்பத்திரிகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இந்தப் பிரிவு உண்டு, மருந்து இலவசம். கடையில்தான் வாங்குவேன் என்றால் தமிழக அரசு நிறுவனமான டாம்ப்கால், கூட்டுறவு அமைப்பான இம்ப்காப்ஸ் தயாரிப்புகள் கிடைக்கின்றன.

அவர்தான் லேபிளை எப்படிப் பார்க்க வேண்டும் என்று காட்டினார். முறையான சித்த மருந்தில் சித்த மருந்து என்று போட்டிருக்கும். என்னென்ன சேர்ந்திருக்கிறது, தயாரித்தவரின் பெயர், முழு முகவரி, உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி எல்லாம் இருக்கும். எங்கள் பாக்கெட்டில் 'அரிய மூலிகைகள்' என்று மட்டும் இருந்தது. முகவரிக்குப் பதில் அதே செல் நம்பர். அப்புறம், பார்த்தால் அரசு முத்திரை போலத் தெரியும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சின்னமும் 14 இலக்க எண்ணும். அது உணவுப் பொருளுக்கான உரிமம். மிளகாய்த்தூள் பாக்கெட்டிலும் அதே மாதிரி எண்தான் இருக்கும். நோயைக் குணமாக்கும் என்று சொல்லி விற்க அது அனுமதி ஆகாது.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். சித்த, ஆயுர்வேத மருந்துகளைத் தயாரிக்கத்தான் உரிமம் வேண்டும், விற்பதற்குத் தனி உரிமம் கிடையாது. அலோபதி மருந்துக்கடை போல இல்லை. மளிகைக் கடையிலும் விற்கலாம், ரோட்டோரக் கூடாரத்திலும் விற்கலாம். எதிரில் விற்கிறவரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, உற்பத்தி உரிம எண் ஒன்றுதான் பிடிமானம். விளம்பரத்துக்கு மட்டும் சட்டம் பழையது, தெளிவானது. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் ஒரு பட்டியலில் 54 நோய்களைச் சொல்லி, அவற்றைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. நீரிழிவும் வாதநோயும் அதில் இருக்கின்றன. அந்த வீடியோவில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார் ருத்திராட்சக்காரர்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "கோர்ஸ் முடிக்காதவங்களுக்கு ரீஃபண்ட் இல்ல சார்." பெரியம்மாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை அனுப்பியதும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

மிச்சமிருந்த பொடியையும் கூரியர் ஒட்டிய சீட்டையும் வாட்ஸ்அப் உரையாடலையும் மாவட்ட சித்த மருத்துவ அலுவலகத்தில் புகாரோடு கொடுத்திருக்கிறோம். சென்னை அரும்பாக்கத்தில் உள்ள இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதித் துறைக்கும் ஒரு பிரதி. பொடியில் என்ன இருந்தது என்று அரசு ஆய்வக முடிவு இன்னும் வரவில்லை. அதனால்தான் எந்தப் பெயரையும் இங்கே எழுதவில்லை. பணத்துக்கு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்தோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை என்பதால் அடுத்து அங்கே போவதாக இருக்கிறோம். ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் காலிப் பாக்கெட்டைக்கூடத் தூக்கி எறியாதீர்கள், பில் இல்லாத வழக்கில் அதுதான் சாட்சி.

பெரியம்மாவுக்கு முக வீக்கம் பெரும்பாலும் வடிந்துவிட்டது. சர்க்கரைக்கு இப்போது இன்சுலின் போட வேண்டியிருக்கிறது, பிறகு மாத்திரைக்கே திரும்பலாமா என்று பார்ப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். முழங்கால் வலி பழையபடி. அவர் சொல்லி வாங்கிய தெருக்காரர்களில் இரண்டு பேர் இன்னும் அந்தப் பொடியை விடுவதாக இல்லை. எங்களுக்குத்தான் நன்றாகக் கேட்கிறதே என்கிறார்கள்.