மியாட்டாவுக்கு 15 அங்குல அலாய் வீல்: டயர் ஓட்டித் தேய்த்த பிறகு எழுதுவது

என் வண்டி 1990 மாடல் மாஸ்டா மியாட்டா, இரண்டு பேர் உட்காரும் சின்னத் திறந்த ஸ்போர்ட்ஸ் கார், 1.6 லிட்டர், ஐந்து கியர். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான முதல் தலைமுறை. ஹெட்லைட் எழுந்து மடங்குமே, அது. அமெரிக்காவில் இதன் அடிப்படை வகை எவ்வளவு மொட்டையாக வந்தது என்று இப்போது சொன்னால் பலர் நம்புவதில்லை. பவர் ஸ்டீயரிங் கிடையாது, ஏ.சி. கிடையாது, வீலும் 14 அங்குல இரும்பு வீல்தான். மேலே பணம் கட்டி பேக்கேஜ் எடுத்தவர்களுக்குத்தான் ஏழு ஸ்போக் அலாய். மியாட்டாக்காரர்கள் 'டெய்சி' என்று கூப்பிடும் வீல். எனக்கு வாய்த்தது மொட்டை வகை. நியூ ஜெர்சியில் வசந்தம் தொடங்கி இலையுதிர்காலம் முடியும்வரை ஓடும். சாலையில் உப்பு போட ஆரம்பித்தால் கராஜுக்குள் போய்விடும்.

வீல் மாற்றும் எண்ணத்தைக் கிளப்பியது அழகல்ல, டயர். கம்பெனி அளவு 185/60 ஆர்14: அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் அதில் 60 சதவீதம், வீல் 14 அங்குலம். இந்த அளவில் டயரே கிடைக்காது என்றில்லை; சின்னக் குடும்பக் கார்களுக்கான ஆல்-சீசன் டயர்கள் சில கிடைக்கும். வளைவில் பிடித்து நிற்கிற கோடை டயர் வேண்டும் என்றால்தான் கை விரிக்கிறார்கள். 195/50 ஆர்15 அளவில் கதையே வேறு. யோகோஹாமா ஏ052, பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்.இ.-71ஆர்.எஸ்., ஹான்குக் ஆர்.எஸ்.4 என்று பந்தயத் தடத்துக்குப் போகிறவர்கள் வாங்கும் டயரிலிருந்து சாதாரண டயர்வரை எல்லாம் உண்டு. இரண்டாம் தலைமுறை மியாட்டாவில் சில வகைகளுக்கு மாஸ்டாவே கொடுத்த அளவும் இதுதான். ஆகவே டயர் அளவை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு வீல் தேடினேன். ஊரெல்லாம் பிடித்த வீலை வாங்கிவிட்டு, மிச்சக் காசில் டயர் தேடுவதைப் பார்க்கிறேன். பழைய வண்டிக்கு அந்த வரிசை சரிப்படாது.

அளவு பொருந்துகிறதா என்று பார்க்க ஸ்கூல் கணக்கு போதும். 185/60 ஆர்14 டயரின் பக்கச்சுவர் 111 மி.மீ.; அதை இரண்டால் பெருக்கி 14 அங்குலத்தின் 355.6-ஐக் கூட்டினால் மொத்த விட்டம் சுமார் 578 மி.மீ. 195/50 ஆர்15-க்கு அதே கணக்கைப் போட்டால் 576. வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை. ஸ்பீடோமீட்டரும் கியரிங்கும் பழையபடியே. மாறுவது பக்கச்சுவர்தான்: 111-லிருந்து 97.5 ஆகிறது. இந்தப் பதின்மூன்றரை மி.மீ. ரப்பரை இழந்துதான் ஸ்டீயரிங் கூர்மையை வாங்குகிறோம். 16, 17 அங்குலம் என்று ஏற ஏற இந்தப் பேரம் மோசமாகிக்கொண்டே போகும். வண்டி எடை ஆயிரம் கிலோவுக்குக் கீழே, குதிரைத்திறன் சுமார் 115. இதற்கு 17 அங்குல வீல் போட்டவர்களின் வண்டியை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு சிக்னலிலும் யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல இருக்கும்.

அடுத்தது ஆஃப்செட்: வீலின் நடுக்கோட்டிலிருந்து, வண்டியின் ஹப்பில் (வீல் பொருந்தும் நடுக்குடம்) உட்காரும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்ற கணக்கு. எண் குறைந்தால் வீல் வெளியே தள்ளி நிற்கும். மியாட்டாவுக்கு போல்ட் பேட்டர்ன் 4x100, அதாவது 100 மி.மீ. வட்டத்தில் நான்கு போல்ட், அதில் குழப்பமில்லை. பழைய ஹோண்டா சிவிக் முதல் எத்தனையோ வண்டிகளுக்கு அதே பேட்டர்ன் என்பதால் சந்தையில் வீல்கள் கொட்டிக் கிடக்கின்றன. கம்பெனி வீல் 5.5 அங்குல அகலம், ஆஃப்செட் +45. நான் எடுத்தது 7 அங்குலம், +35. இது எங்கே போய் நிற்கும்? கம்பெனி வீலில் ஹப் முகத்திலிருந்து வெளி விளிம்பு சுமார் 25 மி.மீ., உள் விளிம்பு 115 மி.மீ. தள்ளி இருக்கிறது. புது வீலில் வெளியே 54, உள்ளே 124. அதாவது வெளிப்பக்கம் 29 மி.மீ. நீள்கிறது, உள்பக்கம் சஸ்பென்ஷனை நோக்கி 9 மி.மீ. நெருங்குகிறது. என் வண்டி கம்பெனி உயரத்திலேயே நிற்பதால் எங்கும் உரசவில்லை. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தாலும் சரி, பின்னால் டிக்கி நிறையப் பெட்டி வைத்தாலும் சரி. வண்டியைத் தாழ்த்தி வைத்திருப்பவர்கள் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆஃப்செட்டை +25-க்கு இறக்கினால் டயர் ஃபெண்டரோடு ஒட்டி நின்று பார்க்க அட்டகாசமாக இருக்கும். நண்பன் ஒருவன் விடாமல் சொன்னான், "மச்சான், போட்டோல பாரு, +25 போட்டாத்தான்டா கெத்து." போட்டோவில் சரிதான். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் வீலின் நடுக்கோடு வெளியே போகப் போக ஸ்டீயரிங் கனக்கும், ரோட்டில் ஒவ்வொரு பள்ளமும் கைக்கு வரும். பார்க்கிங்கில் திருப்புவது நான், அவனல்ல. +35-லேயே கனம் கூடியது தெரிகிறது. வண்டி நகர ஆரம்பித்ததும் போய்விடுகிறது.

எடையைப் பற்றி இணையத்தில் அரை கிலோவுக்குச் சண்டை போடுகிறார்கள். டெய்சி வீல் சுமார் ஐந்தரைக் கிலோ. 1990-க்கு அது நிஜமாகவே சாதனை. அதைவிட ஓர் அங்குலம் பெரிய வீல் ஏழு கிலோவைத் தாண்டாமல் இருந்தால் போதும் என்று வைத்துக்கொண்டேன். ஃபோர்ஜ்டு (வார்க்காமல் அழுத்தி உருவாக்கிய) வீலின் விலை என் வண்டியின் விலையை எட்டிப் பார்த்தது. என்கெய் ஆர்.பி.எஃப்.1 இந்த வண்டிக்குப் பலரும் போடுவது, இலகுவானது, ஆனால் அதன் முகம் இந்தத் தலைமுறைக்கு ஒட்டவில்லை என்பது என் கண். 1960-களின் மினிலைட் சாயலில் எட்டு ஸ்போக் வார்ப்பு வீலை எடுத்தேன். அந்த மாடல் இப்போது வருவதில்லை, பெயர் சொல்லிப் பயனில்லை. எந்த வீல் வாங்கினாலும் உள்பக்கத்தில் ஜே.டபிள்யூ.எல். என்ற ஜப்பானியத் தர முத்திரையும், அது தனியாகப் பரிசோதிக்கப்பட்டது என்று காட்டும் வி.ஐ.ஏ. முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். நகல் வீல்களில் முத்திரையையும் நகலடிப்பார்கள். அதனால் யாரிடம் வாங்குகிறோம் என்பதும் முக்கியம்.

மாட்டும்போது ஆட்களைப் படுத்துவது வீல் அல்ல, சில்லறைச் சாமான்கள். மியாட்டாவின் ஹப் விட்டம் 54.1 மி.மீ. வெளிச்சந்தை வீல்களின் நடுத்துளை எல்லா வண்டிக்கும் சேரட்டும் என்று பெரிதாகவே இருக்கும், என்னுடையது 73.1. இடைவெளிக்கு ஹப் ரிங் போட வேண்டும். பிளாஸ்டிக்கிலும் வருகிறது, அலுமினியத்திலும் வருகிறது. உறுதி என்று அலுமினியம் வாங்கினேன். இரண்டு குளிர்காலத்துக்குப் பின் அது இரும்பு ஹப்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. மரக்கட்டை வைத்துத் தட்டித்தான் எடுத்தேன். இப்போது பிளாஸ்டிக். வீலை நடுவில் உட்கார வைப்பதுதான் அதன் வேலை, சுமையைத் தாங்குவது நட்டின் இறுக்கம், ஆகவே பயமில்லை. ஹப்பின் முகத்தில் ஆன்டி-சீஸ் கிரீஸ் மெல்லியதாகத் தடவலாம். ஸ்டட் மரையில் மட்டும் தடவாதீர்கள். வழுக்கலில் டார்க் ரெஞ்ச் காட்டும் எண்ணைவிட நட் அதிகமாக இறுகிவிடும்.

நட் விஷயம். ஸ்டட் 12 மி.மீ., மரைக்கு மரை இடைவெளி 1.5 மி.மீ.; வெளிச்சந்தை வீல்களில் பெரும்பாலானவற்றுக்கு 60 டிகிரி கூம்பு நட் வேண்டும். என் வீலின் நட் துளைகள் குறுகல், கம்பெனியின் 21 மி.மீ. நட்டுக்கு சாக்கெட் உள்ளே போகாது. அதனால் மெலிந்த, பல்வெட்டு நட் வாங்கினேன். அதைக் கழற்ற ஒரு தனிச் சாவி வேண்டும். அந்தச் சாவி கையுறைப் பெட்டியில் இல்லையென்றால் நடுரோட்டில் ஸ்டெப்னியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். டிக்கியிலுள்ள கம்பெனி ஸ்பேனர் இனி எதற்கும் உதவாது.

டயர் கடைக்கு வீலை மட்டும் கொண்டுபோய் டயர் ஏற்றி பேலன்ஸ் செய்துகொண்டு, வண்டியில் நானே மாட்டுவதுதான் என் வழக்கம். காரணம் ஜாக். இந்த வண்டியின் கதவுக்குக் கீழே, அடியில் நீளமாக ஓடும் தகட்டு மடிப்பில் அவசரத்துக்கு டிராலி ஜாக்கை வைத்துத் தூக்கினால் மடிப்பு சப்பையாகிவிடும், பெயின்ட் உரிந்து அங்கிருந்துதான் துரு ஆரம்பிக்கும். முன்னால் குறுக்குச் சட்டத்திலும் பின்னால் டிஃபரன்ஷியலுக்கு அடியிலும் தூக்க வேண்டும் என்று ஒரு கடையில் எழுதியே கொடுத்தேன். அதற்குப் பிறகும் ஒரு பக்கம் மடிந்துதான் திரும்பியது. பேலன்ஸ் எடையை வெளி விளிம்பில் கொக்கி போட்டு மாட்ட வேண்டாம், உள்ளே ஒட்டுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கொக்கி அலாயின் வார்னிஷைக் கிழிக்கும். நட்டுக்குக் கம்பெனி சொல்லும் இறுக்கம் 65 முதல் 87 அடி-பவுண்டு. நான் 80-ல் வைக்கிறேன். ஐம்பது மைல் ஓடியபின் இன்னொரு முறை சரிபார்ப்பது கட்டாயம்.

வீலுக்குச் செலவழித்தவர்கள் அலைன்மென்ட்டுக்குக் கணக்குப் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்தக் காசுதான் அதிகம் வேலை செய்தது. மியாட்டாவில் நான்கு மூலையிலும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், நான்கிலும் கேம்பர் (வீல் உள்ளே வெளியே சாயும் கோணம்) திருத்தலாம். ஆனால் முப்பது வயதைத் தாண்டிய வண்டியில் அதற்கான கேம் போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகியிருக்கும். ஒரு வாரம் முன்பிருந்தே எண்ணெய் விட்டு ஊற வைத்துவிட்டுத்தான் கடைக்குப் போனேன். முன்னால் ஒரு டிகிரி நெகட்டிவ் கேம்பர், பின்னால் ஒன்றரை, டோ (வீலின் முன்முனை திரும்பி நிற்கும் அளவு) சற்றே உள்பக்கம். டிரைவர் சீட்டில் என் எடைக்கு மணல் மூட்டை வைத்து அளந்தார்கள். இவ்வளவு சின்ன வண்டியில் அது எண்களை மாற்றுகிறது.

இனி ஓட்டிய கதை. லாம்பர்ட்வில்லிலிருந்து ஃப்ரெஞ்ச்டவுன் வரை டெலவேர் ஆற்றை ஒட்டிப் போகும் 29-ஆம் எண் சாலைதான் என் உரைகல். பழைய 14 அங்குல டயரில் ஸ்டீயரிங்கைத் திருப்பியபின் டயர் ஒருமுறை சாய்ந்து, பிறகுதான் வண்டி திரும்பும். இப்போது அந்தத் தயக்கம் இல்லை. ஆனால் நேரான சாலையில் வண்டி முன்னைவிட அமைதியிழந்திருக்கிறது. 287 நெடுஞ்சாலையில் லாரிகள் ஓடி ஓடித் தேய்த்த தடங்களில் முன்வீல் இறங்கினால் அது இழுக்கும் பக்கம் போகப் பார்க்கும். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருக்க வேண்டும். பாலங்களின் இணைப்பைத் தாண்டும்போது வரும் 'டக்' இப்போது இடுப்பில் தெரிகிறது. காற்றழுத்தம் இதில் பாதியைச் சரி செய்யும். கடைக்காரர்கள் வழக்கப்படி 35 பி.எஸ்.ஐ. அடித்து அனுப்புவார்கள், கம்பெனி சொல்வது 26. நான் குளிர்ந்த டயரில் 27 வைக்கிறேன். 35-ல் ஓட்டிவிட்டு "15 அங்குலம் ரொம்ப ஹார்டு" என்று சொல்பவர்கள் காற்றழுத்த மீட்டரின் ஊசியைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

195 டயருக்கு 7 அங்குல ரிம்தான் உச்ச வரம்பு. பக்கச்சுவர் நேராக நிற்கும், திருப்பத்துக்கு நல்லது. ஆனால் ரிம்மின் விளிம்பைப் பாதுகாக்க ரப்பர் புடைத்து நிற்காது. நடைபாதைக் கல்லில் லேசாகப் பட்டாலும் தழும்பு விழும். மார்ச் முடிந்து பனி உருகியதும் இங்கே சாலையில் விழும் குழிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வலது முன்வீல் ஒன்றில் உள்விளிம்பு வளைந்து, 60 மைலைத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்கியது. வீல் நிமிர்த்தும் கடையில் சரிசெய்து கொடுத்தார்கள். வார்ப்பு வீலில் விரிசல் விட்டிருந்தால் நிமிர்த்த விடாதீர்கள், வெல்டிங்கும் வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

முதலில் போட்டது ஆல்-சீசன் டயர். தேய மறுத்தது, ஈரத்தில் நன்றாகவே நின்றது, வளைவில் சீக்கிரமே கீச்சிடும். அடுத்து ட்ரெட்வேர் 200 வகைக் கோடை டயர் (ட்ரெட்வேர் என்பது தேய்மான எண்; குறைந்தால் டயர் சீக்கிரம் தேயும்). பிடிமானத்தில் இரண்டுக்கும் ஒப்பீடே இல்லை. ஆனால் அக்டோபர் காலையில், வெப்பம் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது ரப்பர் இறுகிவிடும், முதல் சில மைல்கள் நிதானமாக ஓட்ட வேண்டும். உண்மையைச் சொன்னால் அவ்வளவு பிடிமானம் இந்த வண்டிக்கு ரோட்டில் தேவையில்லை. மியாட்டாவின் சுகமே நிதானமான வேகத்தில் டயர் பேசுவது. இந்த டயர் பேசும் வேகத்தில் போலீஸும் பேசும். ட்ரெட்வேர் 300 சுற்றிலுள்ள கோடை டயர்தான் நடுவழி. குறைவாக ஓடும் வண்டியில் டயர் தேய்வதற்குள் கிழடாகிவிடும், பக்கச்சுவரில் டி.ஓ.டி. எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள், முதலிரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. கடையில் பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்த்தால் அங்கேயே திருப்பிக் கொடுக்கலாம்.

205/50 ஆர்15 போடலாமா என்று கேட்பவர்களுக்கு: அதே ரிம்மில் உட்காரும், தேர்வும் இன்னும் அதிகம். விட்டம் 586 மி.மீ., அதனால் ஸ்பீடோமீட்டர் காட்டுவதைவிட ஒன்றரை சதவீதம் வேகமாகப் போவீர்கள், கியரும் அந்த அளவுக்கு நீளும். பவர் ஸ்டீயரிங் இருந்தால் தாராளமாகப் போடுங்கள். என் வண்டிக்கு அடுத்த செட்டும் 195 தான். இரும்பு வீல்களை விற்கவில்லை. பெயின்ட் அடித்து, கராஜில் குளிர்காலம் முழுக்க வண்டி நிற்கும்போது பழைய டயரோடு அதில்தான் நிற்க வைக்கிறேன். அசையாமல் நின்று டயர் ஒரு பக்கம் தட்டையாகப் போனாலும் போவது பழைய டயர்தானே.