ஜெல்கோட் பசை கிட்: பினாங்கு வெயிலுக்கு ஏற்றதா?

தெலுக் பஹாங், பத்து மாவுங் பக்கம் 15, 18 அடி பைபர் படகு வைத்திருப்பவர்கள் விரிசலை அடைக்க இரண்டு சரக்கு வாங்கலாம்: ரெசின் கடையில் டின்னில் விற்கும் ஜெல்கோட் (பைபர் படகின் வெளிப்புறப் பளபளப்புப் பூச்சு), அல்லது படகுச் சாமான் கடையில் சின்னப் பெட்டியில் வரும் பசை கிட். பெட்டிக்குள் வெள்ளைப் பசைக் குழாய் ஒன்று, ஹார்டனர் (பசையை இறுக வைக்கும் திரவம்) குப்பி ஒன்று, கலக்கக் குச்சி, ஒரு துண்டுத் தாளில் செய்முறை.

பசை அருமையான பசை. கெட்டியாக இருப்பதால் படகின் பக்கச் சுவரில் பூசினாலும் வழியாது. மெழுகு கலந்தே வருகிறது. சாதாரண டின் ஜெல்கோட்டில், காற்றுப் படும் மேற்பரப்பு இறுகாமல் பிசுபிசுவென்றே நிற்கும். மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி மூட வேண்டும். இதற்கு அந்த வேலை இல்லை. ஆனால் அதே மெழுகுதான் இரண்டாவது பூச்சைப் பிடிக்க விடாது. மறுபடி பூசுவதானால் முதல் பூச்சை நன்றாகத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்த பிறகே பூசுங்கள்.

குறை செய்முறைத் தாளில் இருக்கிறது. அதில் போட்டிருக்கும் 2 சதவீத ஹார்டனர் குளிர்ந்த ஊருக்குப் பொருந்தும். நம் ஊர் 32 டிகிரியில் அது பூசி முடிக்கும் முன்பே கட்டியாகிவிடும். மஞ்சளடிக்கும், சுருங்கி ஓரத்தில் புது விரிசலும் விடும். 20 கிராம் பசைக்கு 0.25 மில்லி போதும், அதாவது எடையில் ஏறக்குறைய 1.4 சதவீதம். 1.2-க்குக் கீழே இறங்கினால் உள்ளே முழுதாக இறுகாது, சில மாதத்தில் சுண்ணாம்பாய் உதிரும். சொட்டுக் கணக்கை நம்பாமல் 1 மில்லி சிரிஞ்சால் அளந்து விடுங்கள். காலை எட்டு மணிக்குள், நிழலில், தடவை 20 கிராமுக்கு மேல் கலக்காமல் வேலை செய்யுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் ஹார்டனர் குப்பியைத் திறக்கவே வேண்டாம். ஒரு சொட்டுத் தெறித்தால் கண் பார்வையே போகலாம்.

பலர் விரிசல் மேல் அப்படியே பசையைத் தடவிவிடுகிறார்கள். மயிரிழைக்குள் பசை இறங்காது. இரண்டு மாதத்தில் அதே கோடு அதே இடத்தில் திரும்ப வரும். சுரண்டியின் மூலையாலோ கார்பைடு பிட்டாலோ விரிசலை 'வி' வடிவில், அடி தெரியும் வரை திறக்க வேண்டும். ஜெல்கோட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர் சொச்சம்தான். அதையும் தாண்டி விரிசல் நார் வரைக்கும் போயிருந்தால் இந்த கிட் உதவாது. குடைந்து, பைபர் மேட்டும் (கண்ணாடி நார் விரிப்பு) ரெசினும் வைத்துக் கட்டிய பிறகுதான் ஜெல்கோட். முன்பு எபாக்சி வைத்து ஒட்டிய இடத்திலும் இது சரியாகப் பிடிக்காது.

விரிசலின் அமைப்பைப் பார்த்தாலே காரணம் பிடிபடும். சிலந்தி வலை போல ஒரு புள்ளியிலிருந்து பரவினால் அடி பட்டது. இணைகோடுகளாக ஓடினால் அந்த இடம் வளைந்து கொடுக்கிறது. இஞ்சின் மாட்டும் பின்பலகையின் மூலையிலும், கயிறு கட்டும் கொக்கியைச் சுற்றியும் இதுதான் அதிகம். அங்கே அடிப்பக்கம் பலகையோ கூடுதல் பைபர் மேட்டோ வைத்துப் பலப்படுத்தாமல் எந்தப் பசையும் நிற்காது.

இறுகும்போது சுருங்கும் என்பதால் கொஞ்சம் மேடாகவே பூசுங்கள். மறுநாள் மரத்துண்டில் சுற்றிய 320 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 600, 1000, 1500 வரை தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் காம்பவுண்டு போட்டால் பளபளப்பு வந்துவிடும். நிறம் மட்டும் அப்படியே ஒத்துப் போகாது: குழாயில் இருப்பது தூய வெள்ளை, வெயில் குடித்த படகு மங்கிய வெள்ளை. பழைய பூச்சைப் பாலிஷ் செய்துவிட்டு, பசையில் குச்சி நுனியளவு மஞ்சள் பாலியஸ்டர் நிறமி சேர்த்துப் பார்க்கலாம்.

ஒன்றிரண்டு விரிசலுக்கு கிட் தாராளமாக வாங்கலாம். படகு முழுக்க வேலை இருந்தால் டின்னே மேல். வாங்கும்போது தேதியைப் பாருங்கள், குழாயை அமுக்கியும் பாருங்கள். சூடான கடையில் நாள்பட்ட பசை தானாகவே கட்டி தட்டும்; கட்டி தட்டுப்பட்டால் அந்தக் குழாய் வேண்டாம்.