சென்னைக்குக் கடல்நீரா, மழைநீரா?

2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைச் சென்னை மறந்திருக்காது. அப்படி ஒரு வருடம் மறுபடி வந்தால் எதை நம்புவது?

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை மழை பொய்த்தாலும் ஓடும். மீஞ்சூர் ஆலை 2010இல் தொடங்கியது. நாளுக்கு 10 கோடி லிட்டர் திறன். சரி, பெரிய பலம்தான். ஆனால் மின்சாரத்தை விழுங்குகிறது. மிஞ்சும் அடர் உப்புநீர் கடலுக்கே திரும்புகிறது, மீனவர்கள் வலை வீசும் அதே கடலுக்கு.

மழைநீர் சேகரிப்பு 2003இலேயே கட்டாயமாகிவிட்டது. மொட்டைமாடியிலிருந்து ஒரு குழாய், ஜல்லியும் மணலும் நிரப்பிய ஒரு குழி, அவ்வளவுதான். பல வீடுகளில் அந்தக் குழி சேறடைத்துக் கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. என் ஓட்டு மழைக்கே. ஐப்பசிக்கு முன் குழியைத் தோண்டிச் சுத்தம் செய்துவிடுங்கள்.